கணவாய்க்கு ஓர் எஞ்சின்

மார்ச் 4

அன்புள்ள நட்டு,

நானும் உன் அண்ணியும் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? வண்டிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவளிடம் மெத்தையை மாற்று என்று சொல்லி என்ன பயன்? ஆனாலும் மாற்று.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் மூன்று நிமிடம் தாண்டினால் சண்டைதான். காகிதத்தில் நீ கொஞ்சம் அடக்கமாக இருக்கிறாய்.

விஷயம் இதுதான். சிவப்பு வண்டிக்கு வேறு எஞ்சின் வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் நீயே தேர்ந்தெடுத்து, உன் பட்டறையில் பிரித்துப் பூட்டி, இங்கே வந்து பொருத்திக் கொடுத்தாயே, அதற்கு வயதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் நான் கணவாயைத் தாண்டி மறுபக்கத்து ஊரில் பல் பிடுங்கப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் ஊரின் உயரம் இரண்டாயிரத்து இருநூறு மீட்டர், கணவாய் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். மேலே போகப் போக வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. பலமான எஞ்சினாகச் சொல். ஆக்சிலேட்டரில் காலை வைத்தால் அந்த நொடியே இழுக்க வேண்டும். மற்றதெல்லாம் உன் விருப்பம்.

அவசரமில்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது, நான் வாடகை ஜீப்பில் போய் வருகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணா,

முதுகும் அப்படியே, மெத்தையும் அப்படியே. உன் ரத்த அழுத்தம் என்ன சொல்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை நோயாளிகளுக்குச் சொல்வதோடு சரியா?

நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்கிறாய். இருபது வயதுக்காரனுக்கு நீ பல்செட் கட்டுவதைப் போல இருக்கிறது. போகட்டும், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

மூச்சு வாங்குவது எஞ்சினின் குற்றமில்லை. உன் கணவாயில் காற்றின் அடர்த்தி எங்கள் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்று குறைந்தால் எரிவது குறையும், எரிவது குறைந்தால் இழுப்பும் குறையும். இங்கே நூற்றைம்பது குதிரை என்றால் அங்கே நூறுதான் வேலைக்கு வரும், மற்ற ஐம்பதும் லீவு போட்டுவிடும். இதற்கு ஒரு வழி, ஆறு சிலிண்டர் உள்ள பெரிய எஞ்சினாகப் போட்டு, லீவு போனது போக மிச்சம் நிறைய இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இன்னொன்று டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். எனக்கு அதைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். காலை அமுக்கினால் அது அரை நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். யோசிக்கிற எஞ்சினை ஸ்போர்ட்ஸ் காரில் போடுவானேன்?

எல்லா வாடிக்கையாளரிடமும் நான் கேட்கும் கேள்வியை உன்னிடமும் கேட்கிறேன். வண்டி உன்னை ஏமாற்றியது எந்த இடத்தில், எந்த கியரில், என்ன வேகத்தில்? இது தெரியாமல் நான் எஞ்சினைத் தொட மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

நட்டு

ஏப்ரல் 2

அன்புள்ள நட்டு,

இங்கே எல்லோரும் சுகம். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கிளினிக்கில் கூட்டம்.

மூன்றாவது கியர். அறுபது கிலோமீட்டர் வேகம். ஏற்றம்.

எனக்கு ஒரு யோசனை. மின்மோட்டார் போட்டால் என்ன? அதற்குக் காற்றே வேண்டாமே. கடற்கரையாக இருந்தால் என்ன, கணவாயாக இருந்தால் என்ன, ஒரே இழுப்பு. காலை வைத்தால் யோசிக்கவும் யோசிக்காதாம். நேற்று ஒரு நோயாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அரை மணி நேரம் இதைப் பற்றிச் சொன்னார். பாதிதான் புரிந்தது.

அண்ணிக்கும் வேலை அதிகம். உன்னைக் கேட்டாள்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? எனக்கு இங்கே ஜலதோஷம், மற்றபடி குறையில்லை.

உன் நோயாளி விவரமானவர். மின்மோட்டாருக்கு மலையில் மூச்சு வாங்காது, அது உண்மை. ஆனால் உன் வண்டியில் இரண்டே சீட். பாட்டரியை எங்கே வைப்பது, அண்ணியின் மடியிலா? உங்கள் ஊர்க் குளிரில் அது பாதி சக்தியோடு சுருண்டு படுத்துக்கொள்ளும், போகிற வழியில் சார்ஜ் போட ஓர் இடமும் கிடையாது. ஆறு சிலிண்டரையும் எடை போட்டுப் பார்த்துவிட்டேன். மூக்கு கனத்துவிடும். உன் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போக ஆசைப்படும். வேண்டாம்.

கியரும் வேகமும் எழுதினாய். இடத்தை எழுதவில்லை.

இன்னொன்று. உன் கடித உறையின் பின்பக்கம் அண்ணி பென்சிலில் எப்போதும் ஒரு வரி எழுதுவார்களே! 'உள்ளே இருப்பதில் பாதியை நம்பாதே, இப்படிக்கு போஸ்ட்மாஸ்டர்' என்று. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் நான் அதைத்தான் படிப்பேன். இந்த இரண்டு உறைகளின் பின்பக்கமும் வெறுமையாக இருக்கிறது. கோபமா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

பழைய எஞ்சினைக் கழற்றி லாரியில் அனுப்பு. அதைப் பிரித்துப் பார்க்காமல் புதிதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நட்டு

மே 6

அன்புள்ள நட்டு,

ஜலதோஷம் போயிற்றா? ஆவி பிடி.

எஞ்சினை அனுப்பிவிட்டேன், மரப்பெட்டியில் வருகிறது. பிரித்து நேரத்தை வீணாக்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்?

அண்ணிக்குக் கோபம் ஒன்றுமில்லை. பென்சில் தீர்ந்துவிட்டதாம்.

அண்ணன்

மே 20

மதிப்பிற்குரிய போஸ்ட்மாஸ்டர் அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதுவேன். இன்று அதைக் கேள்வியாகவே கேட்கிறேன். நீங்கள் நலமா?

எஞ்சின் வந்தது. ஒரு பகல் முழுக்கப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன், வால்வு, பேரிங் ஒவ்வொன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன. அதற்கு ஒரு நோயும் இல்லை. அண்ணா நல்ல பல்லைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறான்.

ஆனால் இடது பக்க மவுண்ட் முறிந்திருக்கிறது. எஞ்சினை வண்டியின் சட்டத்தோடு பிடித்துவைக்கும் இரும்புக் கை அது. ஓடி ஓடித் தேய்ந்தால் அது வேறு மாதிரி உடையும். இது ஒரே இடியில் முறிந்தது. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை செய்கிறேன், எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். இடது பக்கம் என்பது நீங்கள் உட்காரும் பக்கம்.

அண்ணாவிடம் கேட்டால் பென்சில் தீர்ந்துவிட்டது என்பான். தபால் நிலையத்தில் பென்சில் தீருமா அண்ணி? என்ன நடந்தது? தயவுசெய்து எழுதுங்கள். எனக்கு வேலை ஓடவில்லை.

நட்டு

ஜூன் 1

அன்புள்ள நட்டு,

முதலில் என் நலம், அதைத்தானே கேட்டாய்! இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, உள்ளே ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். கூடிக்கொண்டு வருகிறது என்கிறார் எலும்பு டாக்டர். ஜனவரி இருபத்தேழிலிருந்து லீவில் இருக்கிறேன். அதனால்தான் உறைகள் என் கைக்கு வரவில்லை. என்னிடம் பென்சில் நிறைய இருக்கிறது.

கணவாய்க்கு மூன்று கிலோமீட்டர் கீழே. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. உன் அண்ணன் முந்தப் போனார். லாரியின் பாதி வரை போய்விட்டோம், அதற்கு மேல் வண்டி போகவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கியிருந்தார், எஞ்சின் கத்தியது, வேகம் மட்டும் ஏறவில்லை. எதிரே வளைவில் பஸ் வந்தது. பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். ஒதுங்கிய வேகத்தில் இடது பக்கம் பாறையில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது அவருக்குப் பெரிய தண்டனை.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். 'அவ செலக்ட் பண்ணின எஞ்சின். தெரிஞ்சா அவ தாங்க மாட்டா' என்றார்.

நான் வேறொன்றும் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அவர் திரும்புகாட்டியைப் போட்டதும் நான் 'வேண்டாம்' என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் காலையில் எழுந்து அவர் முகத்தைப் பார்க்க முடிகிறது. என்னைக் குளிக்க வைக்கிறார், தலை வாரிவிடுகிறார், சமைக்கிறார். அந்த நாளைப் பற்றி மட்டும் நான்கு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சின் பேச்சுத்தான் பேசுகிறார். நல்ல எஞ்சின் வந்துவிட்டால் நான் மறுபடி அந்த வண்டியில் ஏறுவேன் என்று நம்புகிறார். நான் ஏறுவதும் ஏறாததும் எஞ்சினைப் பொறுத்ததில்லை, நட்டு.

உன் முதுகைப் பார்த்துக்கொள்.

அண்ணி

ஜூன் 9

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை. அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். அவர்களைத் திட்டாதே, மவுண்டைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

என்னைக் காப்பாற்றுவதற்காக மறைத்தாயாம். நீ காப்பாற்றிய ஆள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்.

நான்கு வருடத்துக்கு முன் அங்கே வந்து எஞ்சினைப் பொருத்திய மறுநாள், கணவாய் வரை ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று காலையில் கிளம்பினேன். நினைவிருக்கிறதா? பாதி வழியில் தலை பிளந்தது. இறங்கி வாந்தி எடுத்தேன். இன்னும் கொஞ்சம் ஏறிப் பார்த்தேன், கண் இருட்டியது. வண்டியை ஓரமாக நிறுத்தி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். திரும்பி வந்து உன்னிடம், 'உச்சி வரைக்கும் போனேன், நல்லா இழுக்குது' என்றேன். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓட்டிப் பார்க்காத வண்டிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொள்பவள் நான். மலை ஏறினால் மயங்கி விழுகிறவள் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மேலே போயிருந்தால், மூன்றாவது கியரில் அது செத்துப் போவது எனக்குத் தெரிந்திருக்கும். உன்னை எச்சரித்திருப்பேன். டர்போ பிடிக்காது என்ற என் வறட்டுப் பிடிவாதத்தையும் விட்டிருப்பேன்.

அண்ணியின் காலை முறித்தது நான். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன்.

நட்டு

ஜூலை 14

அன்புள்ள நட்டு,

ஐந்து வாரமாக உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் சாப்பிட்டுத் தூங்கு என்று மாப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பினேன், சொன்னாரா?

உன் மேல் கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் நன்றாக வந்தது. சுகமாகவும் இருந்தது, அதுதான் கேவலம். எஞ்சின் தப்பு என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு ஒரு கையெழுத்தும் கிடைத்துவிட்டது. பிறகு கோபம் தீர்ந்துபோயிற்று.

அந்த எஞ்சினோடு நான்கு வருடம் அந்தக் கணவாயை ஏறி இறங்கியவன் நான். அங்கே அது இழுக்காது என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் இத்தனை நாள் அங்கே யாரையும் முந்தியதில்லை. அன்று மறுபக்கத்தில் ஒருவர் பல்வலியோடு காத்திருந்தார், நான் இருபது நிமிடம் தாமதம். இருபது நிமிடம், நட்டு.

அவள் 'வேண்டாம்' என்றாள். எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. 'ஒண்ணும் ஆகாது' என்று நினைத்துக்கொண்டு காலை அமுக்கினேன்.

இதை எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? அவள் காலை முறித்தது நீ இல்லை. இனி அப்படி எழுதாதே.

அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மெத்தையும் மாற்றிவிட்டேன்.

உன் கடிதத்துக்கு நன்றி. ஆனால் முகவரியைத் தப்பாகப் போட்டுவிட்டாய். அது எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி என்னிடம் வந்திருக்கக் கூடாது. உன் வீட்டிலேயே அடுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும். இதை அண்ணியிடம் நான் சொல்ல மாட்டேன், அது என் வேலையில்லை. நீ சொல்லும் வரை உன்னை விடவும் மாட்டேன்.

என் வேலைக்கு வருகிறேன். ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சின், அதற்குச் சின்ன டர்போ. பெரிய டர்போ போட்டால் காகிதத்தில் குதிரைகள் அதிகம், ஆனால் விழித்தெழ நேரமாகும். சின்னது எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும்போதே விழித்துக்கொள்ளும், மலையேற அதுதான் வேண்டும். கணவாயில் காற்று மெலிந்திருப்பதால் விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். அதை மிரட்டாமல் எதுவரை விடலாம் என்பதைக் கணக்கில் கண்டுபிடிக்க முடியாது. அங்கே வந்து, அந்த ஏற்றத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம் எஞ்சினோடு வருகிறேன். டாக்டர் சொன்னபடி, மலை உடம்புக்குப் பழகும் வரை ஒரு வாரம் உங்கள் வீட்டில் சும்மா இருப்பேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவேன். மயங்கினால் திரும்பி வந்து 'மயங்கினேன்' என்று சொல்வேன். உச்சியைத் தொடாமல் கையெழுத்து இல்லை.

அண்ணியின் காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

நட்டு

செப்டம்பர் 8

அன்புள்ள நட்டு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. நீ போனதும் வீட்டில் கிரீஸ் வாசனை குறைந்துவிட்டது, எனக்கென்னவோ போல இருக்கிறது. ஊன்றுகோலை விட்டாயிற்று. போன திங்களிலிருந்து வேலைக்கும் போகிறேன்.

நீ நான்காம் முறைதான் உச்சியைத் தொட்டாய். வெளிறிப்போன முகத்தோடு வந்து, 'அண்ணி, இப்ப நிஜமாவே போனேன்' என்றாய். அன்று உன்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உன் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. நீ இருந்த மூன்று வாரமும் நான் அந்த வண்டியில் ஏறவில்லை. நீயும் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கிளட்சை மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் உன் அண்ணனிடம், 'சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன்' என்றேன். கொடுத்தார். தபால் ஜீப்பை ஏழு வருடம் ஓட்டியவள் நான், ஆனாலும் ஷெட்டை விட்டு வெளியே வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கணவாய்க்கு மூன்று கிலோமீட்டர் கீழே எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. அந்த இடத்தில் எப்போதும் ஏதாவதொரு லாரி இருக்கத்தான் செய்யும். மூன்றாவது கியரில் காலை லேசாக வைத்துப் பார்த்தேன். உடனே முதுகில் கை வைத்துத் தள்ளியது உன் எஞ்சின். முந்தியிருக்கலாம். ஆனால் எதிரே வளைவு, ஒன்றும் தெரியவில்லை. காலை எடுத்துவிட்டேன். லாரியின் புகையைக் குடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஊர்ந்தேன்.

அந்தப் பாறையைக் கடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். 'அன்னிக்கு நீ வேண்டாம்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் போனேன். தப்பு என்னோடது. எஞ்சினோடது இல்ல.' பிறகு, 'மன்னிச்சுடு' என்றார்.

எனக்குக் கோபம் பொங்கி வந்தது, நட்டு. கேட்கவில்லை என்று ஏழு மாதம் நான் கட்டிக் காப்பாற்றிய பொய் அது. கண்ணில் நீர் முட்டியது, ரோடு மங்கியது, துடைத்துக்கொண்டேன். பார்வையை லாரியின் மேலேயே வைத்திருந்தேன்.

ரோடு நேரானது. லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, போகச் சொல்லிக் காட்டினார். எதிரே நெடுந்தூரம் வெறுமையாக இருந்தது. எனக்கே நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கேட்டேன்.

'போகட்டுமா?'

அவர் என் பக்கமாகச் சாய்ந்து எதிரே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

'போ' என்றார்.

போனோம்.

திட்ட வேண்டியது இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் அன்பு.

அண்ணி